டபுள்ஸ் போக க்ரூஸர் வாங்குகிறீர்களா? பின் ஸீட்டிலிருந்து தொடங்குங்கள்

பெங்களூர் இந்திராநகர் நூறடி ரோட்டில் ஒரு ஷோரூம் வாசலில்தான் நான் முதன்முதலாக ஒரு க்ரூஸரில், அதாவது காலை நீட்டி உட்கார்ந்து ஓட்டும் தாழ்வான பைக்கில், உட்கார்ந்தேன். கால் இரண்டும் முன்னால் நீண்டன, கை அகலமாக விரிந்தது, ஸீட் இடுப்பை அப்படியே வாங்கிக்கொண்டது, எழுந்திருக்கவே மனசில்லை. பின்னால் மனைவி ஏறிக்கொண்டாள். சிஎம்எச் ரோடு வரை போய்த் திரும்பினோம், மொத்தமே பத்து நிமிடம், நடுவில் இரண்டு ஹம்ப் (வேகத்தடை). இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவள் சொன்னது இதுதான்: "நீங்க சோபாவுல உட்காந்திருக்கீங்க. நான் அந்த சோபாவோட கைப்பிடியில உட்காந்திருக்கேன்."

அந்த வண்டியை வாங்கவில்லை. அடுத்த ஒன்றரை மாதம் சனிக்கிழமை தோறும் இரண்டு பேருமாகப் போய் ஏழெட்டு வண்டிகளில் ஏறி இறங்கிய பிறகு ஒரு 350 சிசி வாங்கினோம். அதற்குள் அல்சூர், மர்ஃபி டவுன் பக்கத்து நண்பர்கள் நாலைந்து பேருக்கு நான் ஓசி ஆலோசகர் ஆகிவிட்டேன். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாக வாய்ஸ் மெஸேஜ் அனுப்பி அலுத்துப்போய்த்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன். தனியாக மட்டும் ஓட்டப்போகிறவர்களுக்கு இது வேண்டாம், அவர்கள் பிடித்த கலரைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். க்ரூஸர் என்பதே ஓட்டுகிறவருக்காக வரைந்த வண்டி. ஓட்டுகிறவரின் ஸீட்டைக் கீழே இறக்கிவிட்டார்கள், ஆனால் பின் சக்கரத்தைக் கீழே இறக்க முடியாதே, அதனால் சக்கரத்துக்கு மேலே மட்கார்டு, மட்கார்டுக்கு மேலே ஒரு சின்னத் திண்டு, அதற்குப் பெயர் பின் ஸீட். வண்டி தாழ்வாகத் தெரியவேண்டும் என்பதற்காகப் பின் ஷாக் அப்சார்பர் மேலும் கீழும் ஓடும் தூரத்தையும் பல வண்டிகளில் குறைத்திருப்பார்கள். ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியார் 650 மாதிரி பெரிய வண்டியிலேயே அது 101 மில்லிமீட்டர்தான். ஓட்டுகிறவர் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதால் பள்ளம் அவருக்குப் பாதிதான் தெரியும், பின்னால் இருப்பவரோ சக்கரத்தின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறார். பஸ்ஸில் நடு ஸீட்டுக்கும் கடைசி ஸீட்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும் அல்லவா, அதேதான். ஆகவே உங்களுக்குச் சுகமாக இருப்பதை வைத்து ஒரு க்ரூஸரை மதிப்பிட்டால் தப்பாகத்தான் போகும்.

முதல் வேலை: யார், எப்படி, எவ்வளவு தூரம்

ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே இதைப் பேசிவிடுங்கள். பின்னால் உட்காரப்போவது யார்? மனைவியா, கணவரா, தங்கையா, கோயிலுக்கு வரும் அம்மாவா? அவர் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவாரா, ஒரு பக்கமாக உட்காருவாரா? இந்தக் கடைசிக் கேள்வியை ஆங்கில ரிவ்யூ வீடியோக்களில் யாரும் கேட்பதில்லை. சேலையில் ஒரு பக்கமாக உட்காருகிறவருக்கு நல்ல வண்டியும், சல்வார் ஜீன்ஸில் கால் போட்டு உட்காருகிறவருக்கு நல்ல வண்டியும் பல சமயம் வேறு வேறு.

உதாரணத்துக்கு பேக் ரெஸ்ட். கால் போட்டு உட்காருகிறவருக்கு அது வரம். ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் பின்னால் சரிந்துவிடுவோமோ என்ற பயமே போய்விடும், நீண்ட தூரத்தில் முதுகு தப்பிக்கும். ஆனால் ஒரு பக்கமாக உட்காருகிறவருக்கு அதே பேக் ரெஸ்ட்டின் கம்பி விலாவில் குத்தும், அவர் இன்னும் முன்னால் நகர்ந்து உங்கள் முதுகில் ஒட்டிக்கொண்டுதான் வரமுடியும். இன்னொன்று, பேக் ரெஸ்ட் இருக்கும் வண்டியில் ஏறுவது கஷ்டம், காலை அதற்கு மேலே தூக்கிப் போட முடியாது, ஸீட்டுக்கும் அதற்கும் நடுவில் நுழைத்துத்தான் ஏறவேண்டும். முழங்கால் வலி உள்ள அம்மாவை வைத்து இதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதுதான் முக்கிய வேலை என்றால் வீட்டில் ஸ்கூட்டர் ஒன்றும் இருக்கட்டும், க்ரூஸர் அதற்கு ஈடாகாது.

தூரம் எவ்வளவு என்பதும் முக்கியம். தினமும் கோரமங்கலாவில் ஆபீஸில் இறக்கிவிடுவதா, மாதம் ஒருமுறை திருவண்ணாமலை கிரிவலமா, வருடத்துக்கு இரண்டு முறை ஊருக்கா? பெங்களூரிலிருந்து திருவண்ணாமலை ஏறக்குறைய 200 கிலோமீட்டர், ஓசூர், கிருஷ்ணகிரி வரை அகலமான என்எச் 44, அப்புறம் ஊத்தங்கரை, செங்கம் வழி. மைசூருதான் உங்கள் வழக்கமான பாதை என்றால் ஒன்று தெரிந்திருக்கவேண்டும்: 2023 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூரு மைசூரு எக்ஸ்பிரஸ்வேயின் பிரதான பாதையில் இரு சக்கர வண்டிக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோட்டில்தான் போகவேண்டும். அந்தப் பாதையில் 650 சிசியின் வேகத்துக்கு வேலை கிடையாது, நல்ல ஷாக் அப்சார்பருக்குத்தான் வேலை. எந்த ரோட்டில் போகப்போகிறீர்களோ அதற்கு ஏற்ற வண்டியை வாங்குங்கள்.

எடையையும் ஒரு துண்டுச் சீட்டில் கூட்டிப் பாருங்கள். நான் 82 கிலோ, மனைவி 64, இரண்டு ஹெல்மெட் 3, ஜாக்கெட்டும் ஷூவும் 7, பின்னால் கட்டும் பை 10, ஆக 166. வண்டியின் மேனுவலில் அதிகபட்ச மொத்த எடை என்று ஒன்று இருக்கும், அதிலிருந்து வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. பெட்டி, கம்பி, கிராஷ் கார்டு என்று கடையில் மாட்டுகிற ஒவ்வொன்றும் அந்தக் கணக்கில்தான் சேரும். மேனுவல்கள் பெரும்பாலும் கம்பெனி இணையதளத்திலேயே கிடைக்கும், வாங்குவதற்கு முன்பே இறக்கிப் படித்துவிடலாம்.

350ஆ, அதற்கு மேலா?

இங்கே பணமும் சேர்ந்து முடிவு செய்யும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. அதற்கு முன்பு இது 28ம், செஸ்ஸோடு 31ம்தான், மூன்று சதவீத வித்தியாசம். இன்றைக்கு 349 சிசி வண்டி ஒரே ஒரு சிசியால் இந்தப் பக்கம் தப்பித்து நிற்கிறது. அதற்கு மேல் கர்நாடகத்தின் ஆயுட்கால வரி வேறு. எக்ஸ் ஷோரூம் விலையைப் பார்த்து மனக்கணக்குப் போடாதீர்கள், ஆன் ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள்.

வரிக்குப் பயந்து "ஓசூர்ல சித்தப்பா பேர்ல டிஎன் நம்பர்ல எடுத்துடலாம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள், நம் வீடுகளில் சொல்லாமல் இருந்தால்தான் அதிசயம். வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே மறுபதிவு செய்யவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு. அப்புறம் என்ஓசி (தடையில்லாச் சான்று), கர்நாடக வரி, ஆர்டிஓ நடை எல்லாம் உண்டு. இங்கேயே குடியிருக்கிறவர்களுக்கு அந்த லாபம் கடைசியில் நிற்காது.

சக்தியைப் பொறுத்தவரை, டபுள்ஸ் போக பிஎச்பி எண்ணைவிட, குறைந்த சுற்றிலேயே இழுக்கும் விசைதான் தேவை. ராயல் என்ஃபீல்டின் மீட்டியார் 350ஐ எடுத்துக்கொண்டால் 20 பிஎச்பிதான், ஆனால் அதன் 27 நியூட்டன் மீட்டர் இழுவிசை 4000 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடுகிறது, அதனால் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் இரண்டு பேரோடு இரண்டாவது கியரில் ஊர்ந்து போனாலும் திணறாது. 80, 85இல் நாள் முழுக்கப் போகலாம். ஆனால் 95இல் ஒரு பஸ்ஸை முந்தவேண்டும் என்றால் முன்கூட்டியே யோசித்து, கியர் குறைத்து, எதிரில் நல்ல இடைவெளி பார்த்துத்தான் முந்த முடியும். எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை, பின்னால் இருப்பவர் 95க்கு மேல் போகச் சொல்லிக் கேட்டு நான் பார்த்ததும் இல்லை. அடிக்கடி சென்னை, கோவை என்று போகிறவர்களுக்கு இரட்டை சிலிண்டர் 650 நிச்சயமாக நிம்மதி தரும், அதை மறுக்கமாட்டேன்.

ஆனால் எடையை மறந்துவிடாதீர்கள். புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்டவருக்கு 191 கிலோ மீட்டியாருக்கும் 241 கிலோ சூப்பர் மீட்டியாருக்கும் இடையில் இருக்கும் அந்த 50 கிலோ ஹைவேயில் தெரியாது. சரிவான பார்க்கிங்கில், பின்னால் ஆள் இருக்கும்போது, முன் சக்கரம் கொஞ்சம் திரும்பிய நிலையில் நிற்கும்போதுதான் தெரியும். வண்டி ஒரு கோணத்தைத் தாண்டிச் சாய்ந்துவிட்டால் யாராலும் பிடிக்க முடியாது, விட்டுவிட வேண்டியதுதான். நான் ஒருமுறை வீட்டு பேஸ்மென்ட் ரேம்பில் விட்டேன், அதுவும் 350ஐத்தான். மனைவி மெதுவாக இறங்கி நின்று வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். வண்டிக்கு ஒரு கீறல், எனக்கு ஒரு மாதக் கிண்டல்.

எந்தெந்த வண்டி

மீட்டியார் 350 இந்த வேலைக்கு இயல்பாகவே பொருந்துகிறது. ஸீட் உயரம் 765 மில்லிமீட்டர், டேங்க் 15 லிட்டர், அகலமான பின் ஸீட். ஃபயர்பால் வகையில் பேக் ரெஸ்ட் கிடையாது, அதற்கு மேலே உள்ளவற்றில் உண்டு, சூப்பர்நோவாவில் காற்றுத்தடுப்புக் கண்ணாடியும் சேர்ந்து வரும். டபுள்ஸ் போகிறவர்கள் நேரே ஃபயர்பாலைத் தாண்டிவிடுங்கள்.

சூப்பர் மீட்டியார் 650இன் சாதாரண வகையைப் பார்க்காதீர்கள், செலஸ்டியல் வகையைப் பாருங்கள். பின் ஸீட் பெரியது, பேக் ரெஸ்ட்டும் கண்ணாடியும் கம்பெனியிலிருந்தே வரும். ஸீட் உயரம் 740, ஆகவே உயரம் குறைந்தவர்களுக்கும் கால் நன்றாக ஊன்றும். ஆனால் தரை இடைவெளி 135 மில்லிமீட்டர்தான். நம் லேஅவுட்களில் சங்கத்துக்காரர்கள் தாங்களே சிமென்ட் குழைத்துப் போட்ட ஹம்ப் இருக்கிறதே, கழுதை முதுகு மாதிரி, அதில் இரண்டு பேரோடு நேராக ஏறினால் அடியில் உரச வாய்ப்பு அதிகம், குறுக்காகச் சாய்த்து ஏற்றப் பழகவேண்டும்.

பழைய வண்டிச் சந்தையில் பஜாஜ் அவெஞ்சர் 220ஐ யாரும் கண்டுகொள்வதில்லை, அது நியாயமில்லை என்பது என் கருத்து. 160 கிலோ சொச்சம்தான் எடை, ஸீட் 737 மில்லிமீட்டர், க்ரூஸ் வகையில் பேக் ரெஸ்ட்டும் கண்ணாடியும் உண்டு. முதல் க்ரூஸராக, பெங்களூருக்குள்ளும் நந்திமலை வரைக்கும் என்றால் தாராளமாகப் போதும். ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு, இருந்தாலும் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் என்பதை மனதில் வையுங்கள்.

கவாஸாகி எலிமினேட்டர் 451 சிசி, 176 கிலோ, 45 பிஎஸ் (ஏறக்குறைய பிஎச்பி மாதிரியே ஒரு சக்தி அளவு), ஓட்டுகிறவருக்குத் தேன். விலை அதிகம், பின் ஸீட் சிறியது, ஆகவே பின்னால் உட்காரப்போகிறவரை ஏற்றி ஒருமுறை ஓட்டாமல் முன்பணம் கட்டாதீர்கள். ஜாவா பெராக், 42 பாபர் மாதிரி ஒற்றை ஸீட் வண்டிகளைப் படத்தில் பார்த்து ரசிக்கலாம். ராயல் என்ஃபீல்டின் ஷாட்கன் 650, கோவன் கிளாசிக் இரண்டிலும் பின் ஸீட்டைக் கழற்றி மாட்டலாம் என்பதைச் சிறப்பம்சமாகச் சொல்வார்கள். கழற்றக்கூடிய ஸீட் என்றாலே பின்னால் இருப்பவர் எப்போதாவது வரும் விருந்தாளி என்றுதானே அர்த்தம்.

க்ரூஸர்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்கள் ஹோண்டா ஹைனெஸ் சிபி350ஐயும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 181 கிலோ, ஒரே நீளத் தட்டை ஸீட், பின்னால் இருப்பவர் நகர்ந்து உட்கார இடம் உண்டு. ஸீட் உயரம் 800, அதுதான் உயரம் குறைந்தவர்களுக்குச் சிக்கல். க்ரூஸரின் தாழ்ந்த ஸீட்டுக்கு டபுள்ஸில் உள்ள உண்மையான பயனே இதுதான்: பின்னால் உட்காருகிறவர் ஏறும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அந்த நேரத்தில் உங்கள் இரண்டு பாதமும் குதிகால் வரை தரையில் இருந்தால் வண்டி அசையாது.

ஷோரூமில் என்ன செய்யவேண்டும்

பின்னால் உட்காரப்போகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வழக்கமாக எந்த உடையில் வருவாரோ அதே உடை, சொந்த ஹெல்மெட். முதலில் நிற்கும் வண்டியில் பின் ஸீட்டில் நீங்களே பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், சேல்ஸ்மேன் சிரிப்பார், சிரிக்கட்டும். அப்புறம் அவர் உட்காரட்டும். இப்போது பார்க்கவேண்டியது முழங்கால். ஃபுட்ரெஸ்ட் உயரமாக இருந்து முழங்கால் இடுப்புக்கு மேலே மடங்கி நின்றால், உடம்பின் பாரம் முழுவதும் முதுகெலும்பின் அடிநுனியில் இறங்கும், ஒரு மணி நேரத்தில் அவர் நெளிய ஆரம்பிப்பார். தொடை ஏறக்குறையக் கிடையாக இருந்தால் நல்லது. பாதத்தை ஊன்றிக் கொஞ்சம் எழும்ப முடிகிறதா என்றும் பாருங்கள், பள்ளம் வரும்போது அப்படி எழும்புகிறவர்தான் தப்பிப்பார்.

ஸீட்டின் மெத்தையை அமுக்கிப் பார்த்து மயங்கவேண்டாம். கடையில் பஞ்சு மாதிரி இருக்கும் ஸீட் ஓசூர் தாண்டுவதற்குள் அடிப்பலகை தெரிய அமுங்கிவிடும். கொஞ்சம் விறைப்பாக, அகலமாக இருப்பதே நீண்ட தூரத்துக்கு நல்லது. ஸீட் பின்பக்கமாகச் சரிகிறதா, முன்பக்கமாகச் சரிகிறதா? முன்பக்கம் சரிந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர் உங்கள் மேல் வந்து மோதுவார், ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் டொக் டொக் என்று இடித்துக்கொண்டே போகும்.

கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, இந்த மூன்றும் பின் ஸீட் உள்ள வண்டிக்குக் கட்டாயம் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. அந்தத் தடுப்பைத்தான் நாம் சாரி கார்டு என்கிறோம். க்ரூஸர் வாங்கியதும் "லுக்கைக் கெடுக்குது" என்று முதலில் கழற்றி வீசுவது இதைத்தான், பழைய வண்டி பார்க்கப் போனால் பத்தில் பாதியில் இருக்காது. துப்பட்டாவோ முந்தானையோ ஸ்போக்கில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. கழற்றாதீர்கள். பழைய வண்டியில் இல்லை என்றால், விலையில் குறைத்துக்கொண்டு அதே மாடலுக்கான ஒரிஜினலை வாங்கி மாட்டுங்கள்.

சைலன்ஸர் எந்தப் பக்கம், அவருடைய குதிகாலுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்பதையும் குனிந்து பாருங்கள். இரண்டு பக்கமும் சைலன்ஸர் இருக்கும் வண்டியில் இறங்கும்போது இடது கெண்டைக்கால் சூடுபட வாய்ப்பு உண்டு.

டெஸ்ட் ரைடு: பத்து நிமிடம் போதாது

ஒரு ஷோரூமில், பெயர் வேண்டாம், பின்னால் ஆள் ஏற்ற அனுமதி இல்லை என்றார்கள், இன்ஷூரன்ஸ் காரணமாம். இரண்டு பேர் போகத்தான் வண்டி வாங்குகிறேன் என்று சொல்லியும் அசையவில்லை, கையெழுத்தை மட்டும் நாலு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். அப்படி நேர்ந்தால் வாக்குவாதம் வேண்டாம், இன்னொரு கிளைக்குப் போங்கள், இல்லையென்றால் அதே வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஞாயிறு காலை கேளுங்கள். வாடகைக்குக் கிடைத்தால் ஒரு நாள் எடுத்துப் பார்ப்பது எல்லாவற்றையும்விடச் சிறந்தது. செலவாகும் ஆயிரம் இரண்டாயிரம் பின்னால் லட்சக்கணக்கில் மிச்சம்.

குறைந்தது முக்கால் மணி நேரம் போகவேண்டும். கிளம்பும்போது மட்டும் இல்லை, முப்பதாவது நிமிடத்தில் என்ன சொல்கிறார் என்று கேட்கவேண்டும். மோசமான ரோடு ஒன்று, நாலைந்து ஹம்ப், ஒரு ஃப்ளைஓவர் ஏற்றம், ஒரு யூ டர்ன், ஒரு சிக்னல் நெரிசல் இவ்வளவும் பாதையில் இருக்கட்டும். பெங்களூரில் இதற்காகத் தனியாகத் தேடவேண்டியதில்லை, வீட்டை விட்டு வெளியே வந்தாலே போதும். ஹம்ப்பில் பின் ஷாக் அடிவரை இறங்கி டங் என்று முட்டுகிறதா? யூ டர்னில் ஹேண்டில் உங்கள் முழங்காலிலோ தொடையிலோ தட்டுகிறதா? நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முன்பக்கம் லேசாகி ஹேண்டில் ஆடுகிறதா? பாரம் பின்னால் போனதால் வரும் ஆட்டம் அது, கொஞ்சம் இருக்கும், பயம் வரும் அளவுக்கு இருக்கக்கூடாது.

பிரேக்கை வேகம் குறைவாக இருக்கும் இடத்தில் சொல்லிவிட்டுப் பிடித்துப் பாருங்கள். நீளமான வண்டி, பின் சக்கரத்தின் மேல் இன்னொரு ஆள், ஆகவே க்ரூஸரில் பின் பிரேக்குக்கு மற்ற பைக்குகளைவிட வேலை அதிகம், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பழகவேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் இருக்கும் வண்டியாகப் பார்ப்பதற்குக் காரணமும் இதுதான். சேலம் போகும் வழியில் தொப்பூர் இறக்கம் தெரிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லவேண்டாம்: இரண்டு பேர் பாரத்தோடு அங்கே லாரிகளுக்கு நடுவில் இறங்கும்போது கியரைக் குறைத்து இன்ஜினைப் பிடிக்கவிட்டு, பிரேக்கை விட்டு விட்டுத்தான் தொடவேண்டும்.

இறங்கியதும் "எப்படி இருக்கு" என்று கேட்காதீர்கள், "பரவாயில்ல" என்றுதான் பதில் வரும். எங்கே வலித்தது, எப்போது வலிக்க ஆரம்பித்தது, கை எங்கே பிடித்திருந்தாய் என்று கேளுங்கள். என் மனைவி கேட்காமலேயே சொல்லிவிடுவாள், அந்த வகையில் நான் கொடுத்துவைத்தவன்.

காகிதமும் காப்பீடும், சுருக்கமாக

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால், உங்கள் தவறால் விபத்து நடக்கும்போது பின்னால் இருப்பவருக்கு அதில் பாதுகாப்பு கிடையாது. முழுமையான பேக்கேஜ் பாலிசியை எடுத்து, பின்னால் அமர்பவருக்கான தனிநபர் விபத்துக் காப்பையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் முடிந்ததும் பேக்கேஜைப் புதுப்பிக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம், போனில் நினைவூட்டல் போட்டுவையுங்கள்.

எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) வைத்துக்கொண்டு, கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது. பின்னால் ஒருவருக்கு மேல் ஏற்றுவதும் சட்டப்படி தப்பு, நடுவில் குழந்தை என்றாலும் அதேதான். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தை மட்டும் பின்னால் வருகிறது என்றால் ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக்கூடாது. கர்நாடகத்தில் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் ஆனது 2016 ஜனவரியில். அவருக்கு வாங்குவதும் உங்களுடையதைப் போலவே ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழு முக ஹெல்மெட்டாக இருக்கட்டும், 600 ரூபாய் தொப்பி வேண்டாம்.

ஜேசி ரோட்டில் பேக் ரெஸ்ட், கேரியர் எல்லாம் பாதி விலைக்குக் கிடைக்கும். நானும் வாங்கினேன். இரண்டாவது மாதம் ராமநகரா பக்கம் சர்வீஸ் ரோட்டில் ஒரு போல்ட் எங்கோ விழுந்து, மனைவி முதுகு சாய்த்ததும் பேக் ரெஸ்ட் பின்னால் மடங்கியது. விழவில்லை, கைப்பிடியைப் பிடித்திருந்தாள். கம்பெனி ஆக்ஸஸரி கூடுதல் விலைதான், ஆனால் ஆளுடைய முதுகைத் தாங்கும் பொருளில் மிச்சம் பிடிக்கவேண்டாம். கண்ணாடி ஸ்டிக்கர், விளக்கு, பை இதிலெல்லாம் தாராளமாக மிச்சம் பிடியுங்கள்.

வண்டி வந்த பிறகு

முதல் சர்வீஸ் வரை தனியாக ஓட்டிப் பழகுங்கள். அப்புறம் டபுள்ஸ் போவதற்கு முன்னால் இரண்டு விஷயம். ஒன்று காற்று. டபுள்ஸுக்குப் பின் டயரில் எவ்வளவு என்பது வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ தனியாக இருக்கும், தனியாகப் போவதைவிட நாலைந்து பிஎஸ்ஐ கூடுதலாகத்தான் பெரும்பாலும் போட்டிருக்கும். பங்க்கில் காற்றடிக்கும் பையன் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு வைத்திருப்பான், நாம்தான் சொல்லவேண்டும்.

இரண்டாவது, பின் ஷாக்கின் பிரீலோட். ஷாக்கின் அடியில் படிக்கட்டு மாதிரி வெட்டிய ஒரு வளையம் இருக்கும், டூல்கிட்டில் கொக்கி மாதிரி ஒரு ஸ்பேனர் இருக்கும். அந்தக் கொக்கியை வளையத்தின் பள்ளத்தில் மாட்டித் திருப்பினால் ஒவ்வொரு படியாக ஏறும், ஸ்பிரிங் முன்கூட்டியே கொஞ்சம் அமுங்கி நிற்கும். மீட்டியார் 350இல் இப்படி ஆறு படி. டபுள்ஸுக்கு இரண்டு மூன்று படி ஏற்றி, இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கிறதா என்று கட்டாயம் எண்ணிப் பாருங்கள், ஒரு பக்கம் மூன்று, இன்னொரு பக்கம் நாலு என்று வைத்துவிட்டு வண்டி இழுக்கிறது என்று சர்வீஸ் சென்டருக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். இந்த வளையத்தைத் தொடாமலேயே ஐந்து வருடம் ஓட்டி, "பின் ஸீட் சரியில்லை" என்று வண்டியை விற்றவர்களும் உண்டு. பின்னால் பாரம் ஏறியதும் முன்விளக்கு வெளிச்சம் மேலே தூக்கிக்கொள்ளும், எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கும், உங்களுக்கு ரோடு தெரியாது. இரவுப் பயணம் என்றால் அதையும் இறக்கிவிடுங்கள்.

ஏறுவதற்கு ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உட்கார்ந்து, ஸைடு ஸ்டாண்டை எடுத்து, இரண்டு காலையும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்து, "ஏறு" என்று சொன்ன பிறகுதான் அவர் ஏறவேண்டும், எப்போதும் இடது பக்கத்திலிருந்து. இறங்குவதும் அப்படியே, நீங்கள் சொன்ன பிறகு. நான் ரேம்பில் வண்டியை விட்டது, நான் தயாராவதற்குள் அவள் இறங்க ஆரம்பித்ததால்தான், ஆனால் சொல்லாமல் விட்டது நான் என்று தீர்ப்பாகிவிட்டது.

முதல் நீண்ட பயணம் ஒரே நாளில் போய் வரக்கூடியதாக இருக்கட்டும். அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பி, ஊரைச் சுற்றிப் போகும் டோல் ரோடான நைஸ் ரோட்டில் பறக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள், இரவு 10 முதல் காலை 5 வரை அங்கே இரு சக்கர வண்டியை விடமாட்டார்கள். ஐந்தரைக்குக் கிளம்பி அத்திப்பள்ளி தாண்டினால் ஏழு மணிவாக்கில் கிருஷ்ணகிரியில் இட்லி. ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு ஒருமுறை, அவர் கேட்காவிட்டாலும் நிறுத்துங்கள்.

திங்கள்கிழமை தனியாக ஆபீஸ் போவதற்கு முன்னால் காற்றையும் பிரீலோடையும் பழைய அளவுக்கு இறக்கிவிடவேண்டும், இல்லையென்றால் பின்பக்கம் துள்ளும். அந்தக் கொக்கி ஸ்பேனரை டூல்கிட்டிலேயே திரும்ப வைத்துவிடுங்கள். என்னுடையது போன மாதத்திலிருந்து சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் கிடக்கிறது, ஏதோ மூடி திறக்க வசதியாக இருக்கிறதாம், எடுக்கவிடமாட்டேன் என்கிறாள்.